போட்ஸ்வானா சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன்: இரண்டு சந்தேகங்கள், ஒரு தயக்கம்

காபரோனிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் போட்ஸ்வானாவின் தலைநகரான காபரோனியில் கணவரோடும் பத்து வயது மகனோடும் ஒன்றரை ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சிறுவயதில் மயிலாப்பூரில் எட்டு ஆண்டுகள் கர்நாடக இசை கற்றேன். திருமணத்துக்குப் பிறகு நவராத்திரிக் கொலுவில் பாடுவதோடு அது நின்றுபோயிற்று. சென்ற ஆண்டு மதிய உணவு வேளையில் நான் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட உடன்பணியாளர் ஒருவர், தம் பகுதியிலுள்ள சேர்ந்திசைக் குழுவுக்கு என்னை அழைத்துச் சென்றார். இங்கே அதை 'க்வாயெரெ' என்கிறார்கள். ஏறத்தாழ முப்பது பேர். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் பயிற்சி நடக்கும். ஆர்மோனியமோ பியானோவோ கிடையாது. நடத்துநர் தம் தொண்டையிலிருந்தே சுருதியை எடுத்து, நான்கு பிரிவினருக்கும் அவரவர் தொடக்க ஸ்வரத்தைப் பாடிக்காட்டிவிட்டுக் கையை உயர்த்துவார். அடுத்த நொடி முப்பது குரல்களும் ஒன்றாக எழும். முதல் நாள் அந்த ஒலிக்கு நடுவில் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை.

முதல் சந்தேகம் பாடுவதைப் பற்றியது. என் குரல் சற்றுக் கனமானது என்பதால் பெண்களின் தாழ்ந்த குரல் பிரிவான ஆல்ட்டோவில் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் தனியாகப் பாடினால் என் வரி பிசகுவதில்லை. ஆனால் குழுவில், உயர்ந்த குரலில் பாடும் சோப்ரானோ பெண்கள் மெட்டை எடுத்த நான்காவது ஐந்தாவது அடியில், என்னை அறியாமலேயே என் குரல் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. மெட்டைப் பிடி, சுருதியோடு ஒன்று என்றே பழக்கப்பட்ட காது, மெட்டை விட்டு விலகி நிற்பதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. ஸ்வரத்தை அசைத்து, வழுக்கிப் பாடும் கமகமும் ஒரு தொல்லையாகிவிட்டது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு என் குரல் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. என் பக்கத்தில் நிற்கும் மூதாட்டி அப்போதெல்லாம் மெல்ல என் முழங்கையைத் தொடுவார்.

இரண்டாவது, தாள். மேற்கத்திய இசையின் ஐந்து கோட்டு ஸ்வரக்குறிப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. டி, ஆர், எம், எஃப், எஸ், எல், டி என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் முக்காற்புள்ளிகளும் கோடுகளுமாக ஒளிநகல் எடுத்த தாள்களைத் தருகிறார்கள். எம் என்று பார்த்ததும் என் மனம் 'ம' என்ற மத்தியமத்துக்கும், எஸ் என்று பார்த்ததும் 'ஸ' என்ற சட்ஜத்துக்கும் ஓடுகிறது. இரண்டும் தவறு.

தயக்கம் வேறு. எங்கள் குழுவில் ஒருவருடைய தாயார் இறந்துவிட்டார். வரும் சனிக்கிழமை விடியற்காலையில் அடக்கம். குழுவினர் அனைவரும் கல்லறையில் நின்று பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இந்து. பாடல்கள் கிறித்தவப் பாடல்கள். அதைவிட, எங்கள் குடும்பத்தில் பெண்கள் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ செல்வதில்லை. ஊரிலுள்ள மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். போகவில்லையென்றால் அந்தப் பெண் என்ன நினைப்பாரோ என்று வருத்தமாக இருக்கிறது. போனால் அரைகுறையாகப் பாடி அவர்கள் துக்கத்தைக் குலைத்துவிடுவேனோ என்றும் அஞ்சுகிறேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இப்படிக் குழுக்களில் பாடிய தமிழர்கள் இங்கே இருந்தால் வழிகாட்டுங்கள்.


டர்பன் டெனர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் பதினொரு ஆண்டுகளாக டர்பனில் இருக்கிறேன். பணியிடக் குழு ஒன்றில் ஆண்களின் உயர்ந்த குரலான டெனர் பாடுகிறேன். பாடும் சிக்கலுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதே சிக்கலில் நான் முழுதாக ஓராண்டு மாட்டிக்கொண்டிருந்தேன்.

காதைப் பொத்திக்கொண்டு தன் வரியைக் காப்பாற்றப் பார்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். அது பயன்படாது. மற்றவர்களைக் கேட்காமல் பாடும்போது சுருதி நழுவுகிறது, நழுவியதும் பிடித்துக்கொள்ள மெட்டைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மிகத் தாழ்ந்த குரலில் பாடும் பேஸ் ஆண்களின் ஒலிக்குக் காது கொடுங்கள். நமக்குத் தம்புரா செய்யும் வேலையை அங்கே அவர்கள்தான் செய்கிறார்கள். தம்புராவின் சட்ஜம் கச்சேரி முழுவதும் மாறாது, பேஸ் வரி மாறிக்கொண்டே இருக்கும் என்பது மட்டும்தான் வேறுபாடு. ஒவ்வொரு மாற்றத்திலும் உங்கள் ஸ்வரம் அதன் மேல் எப்படி உட்காருகிறது என்று கேட்கப் பழகினால், சோப்ரானோவின் இழுப்பு தானாகவே குறையும்.

வீட்டுப் பயிற்சி ஒன்று சொல்கிறேன். மகனுக்குச் சரளி வரிசை, அதாவது ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடும் முதல் பாடம், தெரியுமல்லவா? தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வழக்கமான மாயாமாளவகௌளை ராகத்தில் வேண்டாம், சங்கராபரண ராகத்தில். அவன் ஸ ரி க ம என்று ஏறி இறங்கட்டும். நீங்கள் 'ப' என்ற பஞ்சமத்தில் அசையாமல் நில்லுங்கள். அது கைவந்த பிறகு, அவன் 'க' பாடும்போது நீங்கள் 'ஸ', அவன் 'ம' பாடும்போது நீங்கள் 'ரி' என்று இரண்டு ஸ்வரம் கீழே இருந்தபடி அவனோடு கூடவே ஏறி இறங்குங்கள். முதல் நாள் இருவருமே தடுமாறுவீர்கள். எனக்கு மனைவி பாடிக்கொடுத்தார். மூன்றாவது வாரத்தில்தான் இரண்டு குரல்களும் மோதாமல் அருகருகே போவதை உடம்பால் உணர்ந்தேன்.

கமகத்தைப் பற்றி: அதை அடக்குவதாக நினைத்துக்கொண்டால் குரல் இறுகிவிடும். நம் குருமார்கள் முதல் ஆண்டில் சரளி வரிசையை அசைவில்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் நிறுத்திப் பாட வைத்தார்களே, அந்தக் குரலுக்குத் திரும்புகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குரல்தான்.

தாளம் உங்களுக்குக் கைகொடுக்கும். இந்தப் பக்கத்து நாட்டுப்புறப் பாடல்களில் கால்கள் ஓர் அடியில் நடக்க, பாட்டு அந்த அடியைத் தாண்டித் தொடங்கும். மேற்கத்திய இசை மட்டுமே பயின்றவர்கள் அங்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பில் கீர்த்தனை பாடியவருக்கு அதில் அச்சமே வேண்டாம். கையில் போட்ட தாளத்தைக் காலுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். சுலு தொழிலாளர்கள் விடுதிகளில் வளர்த்த 'இசிகத்தமியா' என்ற ஆண்குழுப் பாட்டை ஒருமுறை நேரில் பாருங்கள். லேடிஸ்மித் ஊரைச் சேர்ந்த ஜோசப் ஷபலாலா 1960 இல் தொடங்கிய லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ என்ற குழு அதை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. காலடி ஓசை எழாதபடி பூனைநடை போட்டுக்கொண்டே பாடுவார்கள்; அந்தக் கால்களைப் பார்த்துத்தான் தாளம் எங்கே இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டேன்.


செரோவே கணக்கு வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் பழைய நினைவுகளில் இருந்தேன். நான் நாகர்கோவில்காரன். 1989 முதல் 1997 வரை போட்ஸ்வானாவில் செரோவே ஊரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினேன். எட்டு ஆண்டுகளும் அங்குள்ள கிறித்தவ சபையின் குழுவில் பேஸ் பாடினேன்.

அந்தத் தாளின் பெயர் டானிக் சொல்ஃபா. இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை வகுத்த முறையை எடுத்து, ஜான் கர்வென் என்ற போதகர் 1840களிலிருந்து விரிவாக்கினார். விலையுயர்ந்த கருவியும் ஆண்டுக்கணக்கான பயிற்சியும் இல்லாத எளியவர்கள் தாளைப் பார்த்தே பாட வேண்டும் என்பது அவர் நோக்கம். சாதாரண அச்சு எழுத்துகளே போதும் என்பதால் மிஷன் அச்சகங்களுக்கு அது மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அது ஊன்றிய அளவுக்கு அது பிறந்த நாட்டிலேயே நிலைக்கவில்லை. ஈனோக் சொன்டோங்கா 1897 இல் இயற்றிய, இன்று தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் முதற்பகுதியாக உள்ள பாடலும் இந்த எழுத்துகளில்தான் எழுதப்பட்டது. ஆகவே அந்த ஒளிநகல் தாளை ஒரு குறைபாடாக நினைக்காதீர்கள்.

கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது ஒரு வாரப் பாடம்தான். 'டோ' என்பது சட்ஜம், 'ரே' ரிஷபம், 'மீ' காந்தாரம், 'ஃபா' மத்தியமம், 'ஸோ' பஞ்சமம், 'லா' தைவதம், 'டீ' நிஷாதம். ஆக எம் என்ற எழுத்து காந்தாரம், எஸ் பஞ்சமம், ஆர் மட்டும்தான் இரண்டு முறைகளிலும் ஒன்று. நான் முதல் மாதம் தாளில் ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே பென்சிலால் தமிழில் ஸ்வரம் எழுதிக்கொண்டேன். நீங்களும் செய்யுங்கள், ஆனால் ஒரு மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கண் தமிழ் எழுத்தையே தேடிக்கொண்டிருக்கும். தாளின் தலைப்பில் 'டோ ஜி' என்று இருந்தால் சுருதி நம் கணக்கில் ஐந்து கட்டை. 'டோ எஃப்' என்றால் நான்கு கட்டை. நீண்ட கோட்டுக்கு அடுத்து வருவது அழுத்தமான அடி. முக்காற்புள்ளிக்கு அடுத்து வருவது மெலிந்த அடி. நடுவில் ஒற்றைப் புள்ளி வந்தால் அடி இரண்டாகப் பிரிகிறது. கிடைக்கோடு வந்தால் முந்தைய ஸ்வரத்தை நீட்ட வேண்டும். ஸ்வரத்தை நீட்டும் கார்வைக்கு நாம் காற்புள்ளி போடுவோம் அல்லவா, இங்கே காற்புள்ளி அடியைக் கால்பங்காக வெட்டும் குறி. இந்த ஒன்றில்தான் நான் பலமுறை தவறினேன்.

பாட்டின் நடுவில் ஓர் எழுத்தின் இடப்பக்கத்தில் பொடியாக இன்னோர் எழுத்து வந்தால் அஞ்ச வேண்டாம். பழைய சட்ஜத்தின்படி பொடி எழுத்தாக இருந்த ஸ்வரத்தை, இனிப் புதிய சட்ஜத்தின்படி பெரிய எழுத்தாகப் பாடு என்று பொருள். நாம் கிரக பேதம் என்று சொல்வதுதான் அது. சோகமான பாடல்கள் பெரும்பாலும் 'லா'வை வீடாகக் கொண்டிருக்கும். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக வைத்தால் நடபைரவி ராகம் கிடைப்பதைப் போல.

இனி அந்தச் சனிக்கிழமை. போய்வாருங்கள் அம்மா. என் மனத்தில் இருப்பதை நேராகச் சொல்கிறேன். அங்கே இறப்புச் செய்தி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த வீட்டு முற்றத்தில் ஜெபமும் பாட்டும் நடக்கும். வெள்ளி இரவு கண்விழிப்பு. விடியற்காலையில் கல்லறைக்குச் செல்வார்கள். பெட்டியை இறக்கிய பிறகு ஆண்கள் முறைவைத்து மண்வெட்டியை வாங்கி மண் தள்ளுவார்கள்; கடைசிப் பிடி மண் விழுந்து மேடு சீராகும் வரை பாட்டு நிற்காது. ஒருவர் ஒரு பாடலின் முதலடியை எடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அது முடியும்போது வேறொருவர் அடுத்ததை எடுப்பார். பாட்டு நின்றால் மண் விழும் ஓசை மட்டும் கேட்கும். துக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தனியாகக் கேட்காமல் இருக்கத்தான் குழு அங்கே நிற்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். உங்கள் ஆல்ட்டோ பிசகுகிறதா என்று அங்கே ஒருவரும் கவனிக்கப்போவதில்லை.

உடை பற்றி ஒரு சொல்: கணுக்காலை எட்டும் பாவாடை, தோளில் சால்வை, தலையில் துணி. காற்சட்டை வேண்டாம். குளிர்காலமாக இருந்தால் விடியலில் கை விறைக்கும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் வாசலில் கை கழுவத் தண்ணீர் வைத்திருப்பார்கள். நம் வீடுகளிலும் இதற்கு இணையான வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உணவு பரிமாறுவார்கள். நீங்கள் இறைச்சி உண்ணாதவராக இருந்தால், அந்த வீட்டு அடுப்படிப் பெண்களிடம் முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிடுங்கள். சோளமும் கீரையும் கட்டாயம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1806 இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி எங்கள் நாகர்கோவில் பக்கத்து மயிலாடிக்கு வந்தது லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக. ராபர்ட் மொஃபாட் தென்னாப்பிரிக்காவின் கூருமானில் தங்கி, 1857 இல் போட்ஸ்வானா மக்கள் பேசும் ஸெட்ஸ்வானா மொழியில் முழு வேதாகமத்தை அச்சிட்டு முடித்ததும் அதே சங்கத்தின் ஊழியராகத்தான். செரோவேயில் முதல் ஞாயிறன்று அவர்கள் பாடிய ஞானப்பாட்டின் மெட்டு, என் பாட்டி எங்கள் சபையில் தமிழில் பாடிய அதே மெட்டு. சொற்கள் ஒன்றுகூடப் புரியாமல், பேஸ் வரியை மட்டும் முழுதாகப் பாடினேன். என்னை அவர்கள் குழுவில் சேர்த்துக்கொண்டது அன்றுதான்.


ஸ்வரஸ்தானம் எழுதியது:

முந்தைய பதிலில் ஒன்றை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். ஆசிரியர் அந்த நம்பிக்கைக்குள் பிறந்தவர். அவருக்குச் சொற்கள் ஒரு தடையாக இருந்திருக்காது. கேள்வி கேட்டவர் வேறு வழிபாட்டில் வளர்ந்தவர். பாடலின் சொற்கள் இயேசுவை மீட்பர் என்று அறிக்கையிடும்போது, பொருள் தெரியாமல் அதைப் பாடுவது பாடுபவருக்கும் நேர்மையாகாது, அந்தச் சொற்களை உயிராக நம்புகிறவர்களுக்கும் மரியாதையாகாது. ஆகவே வியாழக்கிழமைப் பயிற்சிக்குப் பிறகு நடத்துநரிடம், நான் இன்ன சமயத்தைச் சேர்ந்தவள், எந்த அளவுக்கு நான் பாடுவது உங்களுக்குச் சரியாக இருக்கும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு பாடலின் பொருளையும் யாரிடமாவது வரிவரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாத வரி வந்தால் வாயை மூடிக்கொண்டு முனகலாக ஸ்வரத்தை மட்டும் பிடிக்கலாம். ஆல்ட்டோவின் வேலை அப்போதும் நடக்கும்.

அடக்கத்துக்குச் செல்வதையும் அங்கே பாடுவதையும் தனித்தனியாக முடிவு செய்யுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. செல்வதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரியவில்லை.


மசேருவிலிருந்து எழுதியது:

நான் லெசோத்தோவில் மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். நான்கு ஆண்டுகளாகச் சோப்ரானோ. உங்கள் ஸெட்ஸ்வானாவும் இங்குள்ள ஸெசோத்தோவும் நெருங்கிய மொழிகள் என்பதால் உச்சரிப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். யாரும் அதைத் தொடவில்லை.

சொற்களை மெட்டோடு சேர்த்துக் கற்காதீர்கள். முதலில் பேச்சாகக் கற்றுக்கொள்ளுங்கள். இவை தொனிமொழிகள், ஒரே எழுத்துக்கூட்டல் உயர்ந்த தொனியில் ஒரு பொருளும் தாழ்ந்த தொனியில் வேறு பொருளும் தரக்கூடும். ஐரோப்பிய மெட்டுகளில் மொழிபெயர்த்த பழைய ஞானப்பாட்டுகளில் மெட்டு ஏறும் இடத்தில் பேச்சு இறங்கும். அதை அவர்கள் பழக்கத்தால் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்த பாடல்களில் நான்கு குரல்களும் பெரும்பாலும் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாக ஏறி இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மேற்கத்திய இசையிலக்கணம் அதைத் தவிர்க்கச் சொல்லும். இங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: குரல்கள் எதிரெதிர்த் திசையில் போனால் ஏதோ ஒரு குரலில் சொல்லின் தொனி கெட்டுவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாடலே எளிதாகிவிட்டது. சொல்லின் போக்கு தெரிந்தால் ஸ்வரம் எங்கே போகும் என்பதைப் பாதி ஊகிக்கலாம்.

உங்கள் நகரத்தின் பெயரில் வரும் முதலெழுத்து 'கா' இல்லை. அடித்தொண்டையிலிருந்து உரசிக்கொண்டு வரும் 'ஹா'. அந்த ஒலியை நாம் 'க' என்று பாடினால் அடுத்து நிற்பவருக்கு உடனே உறுத்தும். சுலு, கோசா பாடல்களும் உங்கள் தாள்களில் வரும். அவற்றிலுள்ள சொடுக்கொலிகளுக்குப் பயப்படாதீர்கள். சி என்று எழுதுவது நாம் இரக்கப்பட்டு உச்சுக்கொட்டும் ஒலி. எக்ஸ் என்பது வண்டிமாட்டை விரட்ட நாக்கின் ஓரத்தால் எழுப்பும் ஒலி. கியூ மட்டும்தான் புதிது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். லெசோத்தோவில் அச்சான தாள் கிடைத்தால் இன்னொரு எச்சரிக்கை: இங்கே எல், ஐ என்று சேர்த்து எழுதினால் 'லி' என்று படிக்கக்கூடாது, 'டி' என்று படிக்க வேண்டும். மொஹாபெலோவா என்ற பெரும் இசையமைப்பாளரின் பாடல்கள் மொரிஜாவிலுள்ள மிஷன் அச்சகத்தில் 1935 முதல் சொல்ஃபா எழுத்துகளில் வெளிவந்தன. அவை எல்லை தாண்டி உங்கள் பக்கத்துக் குழுக்களிலும் பாடப்படுகின்றன. அவருடைய ஆல்ட்டோ வரிகள் தனியாகப் பாடினாலே ஒரு பாட்டுப் போல இருக்கும். நடத்துநரிடம் கேட்டு ஒன்றை வாங்கிப் பயிலுங்கள்.


காபரோனிவாசி எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை போய்வந்தேன்; நடந்ததை எழுதாவிட்டால் உங்களுக்குக் கடன்பட்டவளாகிவிடுவேன்.

ஸ்வரஸ்தானம் அவர்கள் சொன்னபடி வியாழன் இரவு நடத்துநரிடம் பேசினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, ஐந்து பாடல்களின் பொருளையும் தாமே உட்கார்ந்து எனக்கு வரிவரியாகச் சொன்னார். மூன்று பாடல்கள் இறந்தவரை வழியனுப்பிவைக்கும் பாடல்கள். அவற்றை முழுதாகப் பாடுகிறேன் என்றேன். மற்ற இரண்டிலும் சொற்கள் இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் பிடிக்கிறேன் என்றேன். அதற்கு அவர் சொன்ன ஒரே பதில், இரண்டாவது பாடலில் ஆல்ட்டோவில் ஆள் குறைவு, சற்று உரக்கவே முனகுங்கள் என்பது. மாமியாரிடம் மறுபடியும் பேசினேன். அவர் உடன்பட்டார் என்று சொல்ல முடியாது. வந்தவுடன் தலைக்குக் குளித்துவிடு என்று மட்டும் சொன்னார். அப்படியே செய்தேன்.

காலை நான்கரை மணிக்கு உடன்பணியாளர் வந்து அழைத்துச் சென்றார். இருட்டில் முற்றத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்லறையில் செம்மண் குவியலுக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார்கள். முதல் பாடலில் நான் வழக்கம்போலவே சோப்ரானோவோடு போய்விட்டேன். இரண்டாவதில் டர்பன் நண்பர் சொன்னதை நினைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்ற பேஸ் ஆண்களைக் கேட்டேன். அவர்களில் நால்வர் மண் தள்ளப் போய்விட்டதால் அந்த ஒலி மெலிந்து, ஆள் மாறி மாறி மீண்டும் கனத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒருகணமும் அறுபடவில்லை. பஞ்சமத்தில் தொடங்கும் என் வரி அதன் மேல் அமர்ந்தது. மூதாட்டி என் முழங்கையைத் தொடவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பாடல் முடியும்வரை விடவில்லை.

வாத்தியார் ஐயா, பாட்டு நின்றால் மண் விழும் ஓசை மட்டும் கேட்கும் என்று எழுதியிருந்தீர்களே. ஒருமுறை அப்படி நின்றது. அடுத்த பாடலை எடுக்க வேண்டியவர் தாயை இழந்த அந்தப் பெண்தான். அவரால் குரல் எழுப்ப முடியவில்லை. மூன்று முறை மண் விழுந்தது. பிறகு ஆல்ட்டோ வரிசையிலிருந்து ஒருவர் எடுத்தார், நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

திரும்பி வந்து கை கழுவி உட்கார்ந்திருந்தபோது மூதாட்டி, உங்கள் ஊரில் இறந்தவருக்குப் பாடுவதுண்டா என்று உடன்பணியாளர் மூலம் கேட்டார். ஒப்பாரியைப் பற்றிச் சொன்னேன்; பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுவார்கள், பாட்டும் அங்கேயே நின்றுவிடும் என்றேன். அதற்குப் பிறகு யார் பாடுவார்கள் என்று கேட்டார். சில இடங்களில் பறை ஒலிக்கும், சங்கு ஊதுவார்கள், சில இடங்களில் திருவாசகமோ தேவாரமோ பாடுவார்கள் என்று சொன்னேன். ஒப்பாரி ஒன்றைப் பாடிக்காட்டச் சொன்னார். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மசேரு சகோதரி சொன்னபடி நடத்துநரிடம் மொஹாபெலோவாவின் பாடல் ஒன்றைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை தாளைத் தந்துவிட்டார். டோ ஈ-ஃபிளாட், அதாவது இரண்டரைக் கட்டை. தமிழ் ஸ்வரங்களைப் பென்சிலால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மகன் தினமும் இரவு உணவுக்கு முன்பு கால்மணி நேரம் சரளி வரிசை பாட ஒப்புக்கொண்டிருக்கிறான். நேற்று அவன் தைவதத்தைத் தொட்டபோது நான் பஞ்சமத்தை விட்டுவிட்டேன், உடனே நிறுத்தி, முதலிலிருந்து பாடலாம் அம்மா என்றான்.